உங்களுக்குத் தெரியுமா? கடைக்காரர் கண்ணுக்கு நீங்கள் தேவதையா, பிசாசா!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்குப் பட்டு எடுக்கக் காரில் போயிருக்கிறீர்களா? நீங்கள் இறங்குவதற்கு முன்பே உங்களை எடை போட்டாயிற்று! வெளியூர் வண்டி என்றால் தரகர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டிய டேட்டா ஒன்றே ஒன்றுதான்: நம்பர் பிளேட்!

இப்போது எடை போடுவது கம்ப்யூட்டர். அது ஆளைக் கூப்பிட மட்டுமில்லை, ஆளைக் கழற்றிவிடவும் பயன்படுகிறது!

அமெரிக்காவின் பெஸ்ட் பை எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு வருடத்துக்கு 50 கோடி தடவை மக்கள் வந்து போனார்கள். அதில் 10 கோடி தடவை வந்தது 'வேண்டாத கஸ்டமர்கள்' என்று 2004-ல் கணக்குச் சொன்னார் அதன் தலைவர் பிராட் ஆண்டர்சன். ஐந்தில் ஒன்று வேஸ்ட்டாம்!

யார் அந்த வேண்டாதவர்? தள்ளுபடிப் பொருளை வாங்குவார். ரிபேட்டையும் கறப்பார். பிறகு பொருளைத் திருப்பிக் கொடுப்பார். திரும்பி வந்த சரக்கு என்று விலையைக் குறைத்ததும், அதையே போய் மறுபடி வாங்குவார்! கம்பெனி இவருக்கு வைத்த பெயர் பிசாசு!

பிசாசை ஓட்ட மந்திரவாதி வரவில்லை. விளம்பரத் தபால் பட்டியலில் பெயரை அடித்தார்கள். பொருளைத் திருப்பினால் விலையில் 15% பிடித்தார்கள்!

லாபம் தருகிற 'தேவதை'களுக்குச் செல்லப் பெயர்கள் வேறு! காசுள்ள கனவான் 'பேரி'. பிள்ளைகளுக்காக வாங்க வரும் அம்மா 'ஜில்'. புது கேட்ஜெட் என்றால் உயிரை விடும் இளைஞர் 'பஸ்'!

இந்த தேவதை, பிசாசு கணக்குக்குத் தனிப் புத்தகமே உண்டு! கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி செல்டன், ஜெஃப்ரி கோல்வினோடு சேர்ந்து எழுதியது. வெளிவந்த வருடம் 2003!

அதே 2003-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஃபைலீன்ஸ் பேஸ்மென்ட் துணிக்கடை, சகோதரிகள் இருவரை 'இனி வராதீர்கள்' என்று சொல்லிவிட்டது. வாங்கியதை அடிக்கடி திருப்பினார்களாம், புகாரும் அதிகமாம். ஒரு கடைக்கு மட்டுமில்லை, தடை 21 கிளைகளுக்கும்!

கஸ்டமர் கேருக்கு அடிக்கடி போன் செய்பவரா நீங்கள்? ஜாக்கிரதை! 2007-ல் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் கம்பெனி அப்படிப்பட்டவர்களின் இணைப்பையே துண்டித்துக் கடிதம் அனுப்பியது. வாங்கியவர்கள் சுமார் 1,000 பேர்!

பேங்கும் ஆளைக் கழற்றும்! அமெரிக்காவில் இயங்கிய ஐ.என்.ஜி. டைரக்ட், ஒரு கட்டத்தில் 20 லட்சம் வாடிக்கையாளர்களில் வருடத்துக்கு 3,600 பேரை வெளியே அனுப்பியது. ஓயாமல் உதவி கேட்பவர்களால் செலவுதான் மிச்சமாம்!

போகச் சொல்லிப் பணம் கொடுத்த கதையும் உண்டு! 2009-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சில கார்டுதாரர்களிடம், பாக்கியைக் கட்டிக் கணக்கை மூடினால் பரிசு என்றது. எவ்வளவு? 300 டாலர்!

ஒரு ஏரியாவே விடுபடும்! அமேசானின் அன்றைக்கே டெலிவரி பாஸ்டன் நகரெங்கும் கிடைத்தது, ராக்ஸ்பரியைத் தவிர. கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி அது. 2016-ல் ப்ளூம்பெர்க் அம்பலப்படுத்திய பிறகுதான் அங்கும் வண்டி போனது!

அமெரிக்காவில் சில பெரிய கடைகளில் பொருளைத் திருப்பப் போனால் டிரைவிங் லைசென்ஸை ஸ்கேன் செய்கிறார்கள். உங்கள் 'ரிட்டர்ன்' ஜாதகத்தைக் கணிக்க 'தி ரீடெயில் ஈக்வேஷன்' என்று தனிக் கம்பெனியே இருக்கிறது. அது தலையாட்டினால்தான் பணம் வாபஸ்!

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்கு இந்தக் கம்பெனியெல்லாம் வேண்டாம்! ஃபால்ஸ் தைத்தாயிற்றா? முடிந்தது கதை! கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மறுநாள் திருப்ப நினைப்பவரை ஒரு தையல் தடுத்துவிடும்!

இங்கிலாந்தின் ஏசாஸ் ஆன்லைன் துணிக்கடை 2024-ல் போட்ட கணக்கு இது. அடிக்கடி திருப்புபவர் ஒரு ஆர்டரில் 40 பவுண்டுக்காவது துணியை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிடித்தம் 3.95 பவுண்டு!

நம்மூர் கதைக்கு வருவோம்! ஃப்ளிப்கார்ட் 2010-ல் 'கேஷ் ஆன் டெலிவரி'யைக் கொண்டுவந்தது. இன்று பார்சலை அடிக்கடி வாங்க மறுப்பவருக்கு அந்த பட்டனே திரையில் வராமல் போகலாம்!

வந்து குவியும் ஆர்டர்களில் எது திரும்பி ஓடும் என்று முன்கூட்டியே சொல்வதும் ஒரு தொழில்! இந்தியாவில் 2020-ல் தொடங்கிய கோக்விக் கம்பெனிக்கு அதுவும் ஒரு பிழைப்பு!

பின்கோடும் உங்களைக் காட்டிக்கொடுக்கும்! 1972 ஆகஸ்ட் 15-ல் தபாலுக்காக வந்த 6 இலக்கம் அது. இன்று 631-ல் தொடங்கும் காஞ்சிபுரமோ வேறு ஊரோ, ஒரு பின்கோடிலிருந்து நிறைய பார்சல் திரும்பினால் விற்பவர் அந்த ஊருக்கே 'கேஷ் ஆன் டெலிவரி'யை நிறுத்தலாம். திருப்பியது பக்கத்து வீட்டுக்காரர், மாட்டிக்கொள்வது நீங்கள்!

பில் போடும்போது "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்கிறார்களா? சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது! 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்குச் சொல்லிவிட்டது!

'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறதா? பயப்படாதீர்கள்! பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் உங்களுக்கு 30 நாள்!

நீங்கள் கொடுத்த நம்பரையும் விவரத்தையும் பத்திரமாக வைக்காமல் கோட்டைவிடும் கம்பெனிக்கு, 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எவ்வளவு அபராதம் தெரியுமா? 250 கோடி ரூபாய் வரை!