நடக்கும்போது குறையும் ஆக்சிஜனை ரத்தம் முன்னறிவிக்குமா?

புகைப்பழக்கத்தாலும் விறகடுப்புப் புகையாலும் பெரும்பாலும் உண்டாகும் 'சிஓபிடி' என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், அமர்ந்திருக்கும்போது இயல்பாக உள்ள ரத்த ஆக்சிஜன் அளவு, மாடிப்படி ஏறும்போது சரிந்துவிடுவதுண்டு. ஓய்வில் ஒரு சிவப்பணு, காற்றறைகளைச் சூழ்ந்த நுண்குழாய்களைக் கடக்க ஏறத்தாழ 0.75 வினாடி எடுத்துக்கொள்கிறது. கடும் உழைப்பில் இந்நேரம் 0.25 வினாடியளவுக்குச் சுருங்கினாலும், நலமான நுரையீரலில் அதற்குள் ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. காற்றறைச் சுவர்கள் சிதைந்த நுரையீரலிலோ அந்த அவகாசம் போதுவதில்லை.

இச்சரிவைக் கண்டறிய, நோயாளியை 30 மீட்டர் நடைவழியில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, விரலில் பொருத்திய பல்ஸ் ஆக்சிமீட்டரால் ஆக்சிஜனை அளக்கிறார்கள். இடமும் பணியாளரும் தேவைப்படும் இச்சோதனையை மூட்டுவலியுள்ள முதியவர்கள் முடிப்பது கடினம் என்பதால், உடலின் நிலையைக் காட்டும் ரத்தப் பொருள்களான 'உயிர்க்குறியீடுகள்' மூலம் சரிவை முன்கூட்டியே கணிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது.

இதயச் சுவர் இழுபடும்போது பெருகும் பிஎன்பி இவற்றுள் ஒன்று. மற்றொன்று, ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் அறிவித்த அட்ரினோமெடுல்லின். ரத்தக்குழாய்களை விரிவாக்கும் இந்த ஹார்மோன், ஆக்சிஜன் குறையும்போது கூடுதலாகச் சுரக்கிறது. அது விரைவில் சிதைந்துவிடுவதால், அதன் முன்னோடிப் புரதத்தின் நிலையான ஒரு துண்டையே ஆய்வகங்கள் அளக்கின்றன. 'போடு' என்னும் நோய்த்தீவிர அளவுகோலுடன் இதைச் சேர்த்தபோது சிஓபிடி நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிப்பது மேம்பட்டதாக, 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது.

ஆயினும் இறப்பு அபாயத்தைக் கணிப்பது வேறு, நடக்கும்போது ஆக்சிஜன் குறையுமா என்பதைக் கணிப்பது வேறு. இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, கிருமித்தொற்று ஆகியவற்றிலும் இக்குறியீடுகள் உயர்வதால், அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. சரிவு கண்டறியப்பட்டாலும் எல்லோருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்வாகாது. மிதமான குறைவுள்ள 738 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சை இறப்பையோ முதல் மருத்துவமனைச் சேர்க்கையையோ தள்ளிப்போடவில்லை.

எனவே ரத்தப் பரிசோதனை நடைச்சோதனைக்குத் துணையாகலாமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்க இயலாது. நடந்தால் மூச்சு வாங்கும் நோயாளிகள், உட்கார்ந்தபடி அளந்த எண்ணோடு நிறைவடையாமல், நடக்கவைத்தும் அளக்கும்படி மருத்துவரிடம் கேட்பதே நல்லது.