24 மணித்தியாலச் சாட்சி

ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. "மாமா, உங்கட நம்பரில ஒண்டும் வாறேல்லையே, போன் பழுதோ?" என்று மருமக்கள் கேட்பார்கள். போன் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை. வயது ஒரு காரணமல்ல. அது ஹராம் என்று சொல்லவும் நான் வரவில்லை. யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய எமக்கு அதனால் என்ன கிடைக்கிறது, என்ன கைநழுவுகிறது என்று ஒரு கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கையே இங்கு தருகிறேன்.

முதலில் அது இயங்கும் விதம். வட்ஸ்அப் 2009இல் வந்தபோது ஸ்டேட்டஸ் என்பது பெயரோடு சேர்ந்து கிடக்கும் ஒற்றை வரி. 'வேலையில் இருக்கிறேன்', 'கூட்டத்தில் இருக்கிறேன்' என்ற அளவில்தான். பேசலாமா, இப்போது வேண்டாமா என்று மற்றவருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. 2017 பெப்ரவரியில் அது மாறியது. ஸ்னாப்சட் 2013இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, படமும் வீடியோவும் போடலாம், 24 மணித்தியாலத்தில் தானாக அழிந்துவிடும் என்று ஆக்கினார்கள். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் கூடவே வந்தது. அழியப்போகிறது என்பதால் பார்க்கிறவர் அடிக்கடி வருவார்; பட்டியல் இருப்பதால் போட்டவரும் அடிக்கடி திறந்து பார்ப்பார். இரண்டு பேரையும் போனில் பிடித்து வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

அதை யார் பார்க்கலாம் என்பதில்தான் எமக்குரிய விசயம் இருக்கிறது. உங்கள் நம்பர் அவரிடமும் அவர் நம்பர் உங்களிடமும் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். அதாவது, ஏற்கெனவே உங்களை அறிந்தவருக்கே நீங்கள் சொல்கிறீர்கள்.

ஜனாஸா அறிவித்தலுக்கு இது போதும், நல்லதும் கூட. ஒரு தெருவில் இருந்த சனம் இன்று புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, வெளிநாடு என்று சிதறிக் கிடக்கிறது. மௌத்துச் செய்தி சில நிமிடங்களில் எல்லாருக்கும் போய்ச் சேருகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒக்டோபர் 30ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் அந்த நாளில் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்ன விடுதலைப் புலிகள், 2 மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர் அந்த நாட்களில் விரட்டப்பட்டார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் அன்று ஸ்டேட்டஸ் எல்லாம் கறுப்பாகிறது. யார் பார்க்கிறார்கள்? அதே நாளில் பையோடு நடந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1990க்குப் பிறகு பிறந்த, சோனகத் தெருவில் ஏன் இத்தனை வீடுகள் இடிந்து கிடந்தன என்று அறியாத தமிழ்ப் பிள்ளைக்கு அது போவதேயில்லை. அந்தப் பிள்ளையின் நம்பர் எம்மிடம் இல்லையே! அழுதவருக்கே அழுகையைக் காட்டிவிட்டு, "சொல்லியாச்சு" என்று ஆறுதலடைகிறோம்.

போக வேண்டிய இடத்துக்குப் போகாத எழுத்து, போகக் கூடாத இடத்துக்கு வேகமாகப் போகிறது. திரையைப் படம் பிடித்தால் போதும்; 24 மணித்தியாலக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி, அதிகம் சிரிக்காதீர்கள், ஒரு நாள் அழுவீர்கள் என்ற பொருளில் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அது ஓர் உரையாடலில் சொன்ன பதில். உரையாடல் கழன்றுபோய் வரி மட்டும் பரவியது. அதை மிரட்டல் என்று வாசித்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து 3 வாரமே ஆகியிருந்த நேரம். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் பரவியது. 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர், பேனாவாலும் விசைப்பலகையாலும் செய்யும் கருத்துப் போராட்டத்தைப் பற்றி எழுதியதற்காகக் கைதானார். 5 மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2023 ஆயிற்று. இவர்கள் மேல் பழியில்லை. முன்னும் பின்னும் இல்லாத துண்டு எழுத்து எப்படி வாசிக்கப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இது எமக்குப் புதிய பாடமல்ல. ஒரு ஹதீஸைக் கேட்டால் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று இஸ்னாதை விசாரித்த ஒரு கலையின் வாரிசுகள் நாம். இன்று எமது வரலாறு பெயரில்லாத, திகதியில்லாத, எந்த ஊரென்று தெரியாத படமாகச் சுற்றுகிறது. யாரோ ஒருவர் "இது நடக்கவேயில்லை" என்றால் எதை எடுத்துக் காட்டுவது?

எடுத்துக் காட்ட வேண்டிய நாளும் வந்துதானிருக்கிறது. போரினால் காணியை இழந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. நீண்டகாலம் குடியிருந்தவர் காணிக்கு உரிமை கோருவதை எதிர்த்து, இடம்பெயர்ந்தவர் வழக்குப் போட 2 வருட அவகாசம் கொடுத்தது. அப்படியான இடத்தில் உறுதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, எல்லைக்காரரின் பெயர், சாட்சி இவைதான் பேசும். கறுப்புப் படம் பேசாது.

பேசக்கூடியதைச் சிலர் செய்தும் வைத்தார்கள். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இழந்தவற்றைக் கணக்கெடுத்து எழுதினார். அகதி முஸ்லிம்கள் பற்றிய அவரது நூல் 2001இல் வந்தது. பிரஜைகள் ஆணைக்குழு சனத்திடம் நேரில் சாட்சியம் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது. இன்றைக்கும் வெளியேற்றத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் முதலில் தேடிப்போவது இவற்றைத்தான்.

ஹஸ்புல்லாஹ் 2018இல் காலமானார். 1990இல் 40 வயதாயிருந்தவர்களுக்கு 2025இல் 75. அவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். படத்தோடு ஸ்டேட்டஸ் வருகிறது, துஆக் கேட்கிறோம், மறுநாள் அது அழிகிறது. அந்த மூத்தம்மாவுக்கு மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெயரும், கிணற்றடி எல்லையும், சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தார் என்ற கதையும் அவரோடேயே அடங்கிவிடுகிறது.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே போனில் குரல் பதிகிற வசதி இருக்கிறது. வீட்டில் மூத்தவர் இருந்தால் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த ஒழுங்கை, எத்தனையாம் இலக்கம், இடமும் வலமும் யார் இருந்தார்கள், கடை எங்கே, படிப்பித்தது யார், அந்த 2 மணித்தியாலத்தில் எதை எடுத்தார், எதை விட்டார் என்று கேட்டுப் பதியுங்கள். சொல்பவரின் பெயர், கேட்பவரின் பெயர், திகதி, இடம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதுதான் எமது இஸ்னாத். பிறகு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியைப் பள்ளிவாசலில் வையுங்கள். உறுதியையும் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள். பொதுவில் வைக்கக்கூடிய புத்தகம், மலர், துண்டுப்பிரசுரம் இருந்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரும் நூலகம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்கலாம்.

அடுத்த ஒக்டோபர் 30க்கு முன் ஒரு வீட்டுக்கு ஒரு கொப்பியாவது நிறைந்தால் போதும். நிறைந்த பிறகு, விரும்பினால், அதை ஸ்டேட்டஸிலும் போடுங்கள்.