சிறுகடன் வாங்குமுன் தவணை மாதத்தைப் பாருங்கள்

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்று தேவனூர் நாடு. மரவள்ளி, மிளகு, காப்பி, சாமை என்று எதை நம்பியிருந்தாலும், மலை விவசாயியின் கைக்குப் பணம் வருவது வருடத்தில் சில மாதங்களே. சிறுகடன் நிறுவனத்தின் தவணையோ பெரும்பாலும் வாரம் ஒருமுறை அல்லது மாதம் ஒருமுறை வந்து நிற்கிறது. இவ்விரண்டும் பொருந்தாவிடில் கடனால் தொழில் வளராது. தவணை கட்ட வேறிடத்தில் கடன் வாங்க நேரிடும்.

சாமை அரவைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி மலையில் பரவியதால் சாமை, தினை, கேழ்வரகு சாகுபடி சுருங்கிற்று. சாமையை உரலில் குத்தி அரிசியாக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் இதற்கு ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றி, உமி நீக்கும் இயந்திரங்களைச் சுய உதவிக் குழுக்கள் நடத்தவும், சாமை அரிசி, கேழ்வரகு சத்துமாவு போன்றவற்றை விற்கவும் வழி செய்தது.

இத்தகைய தொழிலுக்கு இயந்திரக் கடன் மட்டும் போதாது. அறுவடைச் சமயத்தில் தானியத்தை ரொக்கம் கொடுத்து வாங்கிச் சேமித்தால்தான் இயந்திரம் மற்ற மாதங்களிலும் ஓடும். அந்தக் கைமுதல் இல்லாத குழுவின் இயந்திரம், தானியம் வியாபாரியிடம் போனபின் சும்மா கிடக்கும். தவணை மட்டும் நில்லாது. ஆகவே தானியம் வாங்கும் கடனை அறுவடை மாதத்தில் பெற்று, அரிசி விற்ற பின் செலுத்தும்படி ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும். நட்டு மூன்றாண்டு கழித்துக் காய்க்கும் மிளகுக் கொடிக்கு வாரத் தவணைக் கடன் வாங்குவது சற்றும் பொருந்தாது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஹைதராபாத்தில் நடத்தப்பட்டு 2015-ல் வெளியான ஆய்வில், சிறுகடனால் ஏற்கெனவே தொழில் செய்தோர் முதலீட்டைக் கூட்டினர். ஆனால் குடும்பங்களின் சராசரிச் செலவு வசதி உயரவில்லை. கொல்கத்தாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் பெற்ற பெண்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்து, நாளடைவில் கூடுதல் லாபம் கண்டனர். அதே சமயம் கடன் கட்டத் தவறியவர்களும் அவர்களிடையே அதிகம். எனவே அவகாசம் கிடைத்தால் அந்தப் பணத்தைத் தொழிலிலேயே போட வேண்டும். கல்யாணச் செலவுக்குத் திருப்பிவிடலாகாது.

வட்டியையும் கணக்கிட்டுப் பாருங்கள். ரூ.10,000 வாங்கி வாரம் ரூ.220 வீதம் 50 வாரம் கட்டினால் மொத்தம் ரூ.11,000. "வட்டி பத்து சதம்தானே" என்பார்கள். அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருவதால், உண்மை வட்டி ஏறத்தாழ 20 சதம் ஆகிறது.

முதலில் குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் பெறுவது நல்லது. அதன் வட்டி குழுவிற்கே திரும்புகிறது. அடுத்தது, நபார்டு வங்கி 1992-ல் தொடங்கிய குழு–வங்கி இணைப்புத் திட்டத்தின் கீழ் வங்கிக் கடன். பயிர்ச் செலவுக்கு கிஸான் கடன் அட்டை உண்டு. தனியார் சிறுகடன் கடைசியாக இருக்கட்டும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரப்படுவது சிறுகடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் கட்டும் மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைக்க நிறுவனங்கள் கொள்கை வகுத்திருக்கவும் வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. கையெழுத்திடுமுன், எந்த மாதம் என்ன விளைச்சல் விற்பனையாகும் என்பதை ஒரு தாளில் எழுதி, குழுத் தலைவியுடன் சென்று அதிகாரியிடம் காட்டுங்கள். கடன் அட்டை தமிழில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.