டர்போ டீசல் கார்: பழையதை வாங்கலாமா?

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வீசத் தொடங்கியதும் தென்காசிச் சீமையில் இரண்டு வகைச் சக்கரங்கள் வேகம் பிடிக்கின்றன. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகள் ஒரு வகை. குற்றாலச் சாரலில் நனைய வரும் கார்களின் சக்கரங்கள் மற்றொரு வகை. அந்தக் கார்களில் பலவற்றின் எஞ்சினுக்குள்ளும் ஒரு குட்டிக் காற்றாலை சுழன்றுகொண்டிருக்கிறது என்பதை வண்டி ஓட்டுபவர்களே சிலர் அறியார். அதுதான் டர்போ.

எங்கள் வடகரையில் ஒரு அண்ணாச்சி வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், பத்து வயதான டர்போ டீசல் வாடகைக் கார் ஒன்றை வாங்கினார். வண்ணம் பளபளத்தது, இருக்கை உறை புதிது, விலையும் மலிவு. மூன்றாம் மாதம் புளியரை மேட்டில் நீலப் புகை கக்கிக்கொண்டு வண்டி நின்றது. டர்போ போயிற்று என்றார் மெக்கானிக். வேறு டர்போ மாட்டினார்கள். அதுவும் ஐந்தாறு வாரங்களுக்குமேல் தாங்கவில்லை. அந்த ஆண்டுச் சீசன் வருமானம் முழுதும் அதிலேயே கரைந்தது. குறை எங்கே இருந்தது? அதை அறிய முதலில் டர்போ செய்யும் வேலையை அறிய வேண்டும்.

காற்றுப் பசி

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் இழுத்த காற்றை உந்துதண்டு பதினைந்து முதல் இருபது மடங்குவரை அமுக்குகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கண்டிருப்பீர்கள் அல்லவா? அதே விதிப்படி இந்தக் காற்றும் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் செயற்படுத்திக் காட்டிய முறை இதுவே.

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 0.83 கிலோ. ஆகவே அதற்கு 12 கிலோ காற்று வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ என்பதால், இது பத்துக் கன மீட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் காற்று! ஒரு லிட்டர் டீசலுக்கு ஓர் அறையின் மூன்றில் ஒரு பங்குக் காற்று எனலாம். டீசலைக் கூட்டி ஊற்றுவது எளிது. காற்றைக் கூட்டித் தருவதுதான் கடினம். காற்றுப் போதாவிட்டால் எரியாத கரி கரும்புகையாக வெளியேறும்.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு வீணே போகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சுழலியை வைத்து, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அமுக்கும் சக்கரம் ஒன்றைப் பொருத்தினால் என்ன? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி இந்த எண்ணத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அது கைகூடியது. 1926இல் இரு ஜெர்மானியக் கப்பல்களில் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின்கள் 2,500 தந்தன.

நம் பக்கத்தாருக்கு டர்போ புதிதன்று. 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் நிறுத்தப்படும்வரை, செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் முன்னொன்றும் பின்னொன்றுமாக ரயிலைத் தள்ளிச் சென்ற ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள் டர்போ பொருத்தியவைதாம். குகைக்குள் கேட்ட அந்த ஊளைச் சத்தம் பலருக்கு நினைவிருக்கும்.

கார்களில் அதன் பயனைக் காண இரண்டைத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். அம்பாசடரின் பழைய டீசல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தந்தது. 2007இல் சுவிப்ட் காரில் வந்த, பியட் வடிவமைத்த எஞ்சின் 1,248 கன சென்டிமீட்டரிலேயே 75 தந்தது. டர்போவோடு, பொது எரிபொருட்குழாய் வழியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் முறையும் இதற்குக் காரணம். இதே எஞ்சினை டாட்டா, பியட் கார்களிலும் பயன்படுத்தினார்கள். அதனால் உதிரிப் பாகமும் கைபழகிய மெக்கானிக்கும் சிற்றூரிலும் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்குபவருக்கு இது சிறிய வசதி அன்று.

எண்ணெயில் மிதக்கும் தண்டு

டர்போவின் சக்கரங்கள் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் குறுக்களவு உடையவை. அவை நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் முறைவரை சுழல்கின்றன. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 1,80,000 சுற்று என்றால் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 377 மீட்டர் விரைகிறது. ஒலியின் வேகத்தையும் மிஞ்சிய வேகம்! ஒரு பக்கம் 700 டிகிரி புகை, மறு பக்கம் வெளிக்காற்று. நடுவில் பென்சில் பருமனே உள்ள தண்டு.

பெரும்பாலான கார் டர்போக்களில் இந்தத் தண்டைத் தாங்குவது பால்பேரிங் அன்று. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே தடிப்புள்ள எண்ணெய்ப் படலத்தில் அது மிதக்கிறது. எஞ்சின் ஆயிலே அந்த எண்ணெய். அதே ஆயில்தான் சூட்டையும் வாரிக்கொண்டு போகிறது. ஆகவே ஆயிலின் நலமே டர்போவின் நலம்.

இனி அண்ணாச்சியின் கதைக்கு வருவோம். நான்கு பேர், பெட்டி படுக்கை, குளிர்சாதனம் எல்லாவற்றோடும் புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலில் தேநீர்க் கடையைக் கண்டதும் சாவியைத் திருகி நிறுத்திவிடுவார். எஞ்சின் நின்றதும் ஆயில் பம்பும் நின்றுவிடும். டர்போவோ அனலாய்க் கொதிக்கிறது. உள்ளே தேங்கிய ஆயில் வெந்து கரியாகப் படிகிறது. எண்ணெய்ச் சட்டியின் அடியில் கருகல் பிடிப்பதுபோல் நாள்தோறும் ஒரு படலம். முந்தைய உரிமையாளரும் அப்படியே செய்திருப்பார் போலும். ஆயிலையும் உரிய காலத்தில் மாற்றியிருக்கமாட்டார். ஆயில் வரும் மெல்லிய குழாய் கரியால் பாதி அடைபட்டிருந்தது. முதல் மெக்கானிக் டர்போவை மாற்றினாரே தவிர அந்தக் குழாயைத் தொடவில்லை. புதிய டர்போவும் தாகத்தால் செத்தது. இரண்டாம் முறை வேறொரு பட்டறையில் குழாயைப் புதிதாகப் போட்டு, ஆயில் தொட்டியைக் கழற்றி வடிகட்டி வலையைக் கழுவிய பிறகே வண்டி ஒழுங்குக்கு வந்தது. டர்போ தானாகக் கெடுவது அரிது. பெரும்பாலும் அதைக் கெடுத்த காரணம் வேறெங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் டர்போவை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

மேடேறி வந்தால் எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும். காலையில் கிளப்பியவுடன் உறுமவிடவும் கூடாது. ஆயில் மேலேறி டர்போவை அடையச் சில நொடி ஆகும். தயாரிப்பாளர் குறித்த தரத்து ஆயிலை பத்தாயிரம் கிலோமீட்டரிலோ ஓராண்டிலோ, எது முந்துகிறதோ அதில் மாற்றுவது நலம்.

வாங்கும் நாளில்

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் அதில் ஏதோ காரணம் உண்டு என்று கொள்க. முன்மூடியின்மேல் கைவைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பர். டீசல் எஞ்சினில் ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும், அது குறையன்று. ஆயில் மூடியின் உட்புறம் பால்போன்ற நுரை இருந்தால் அஞ்ச வேண்டும். குளிர்விக்கும் நீர் ஆயிலோடு கலந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்த மூடியைத் தளர்த்தினால் மெல்லிய ஆவி வருவது இயல்பு. மூடியே துள்ளி ஆடினால் உருளைகள் தேய்ந்திருக்கின்றன.

புகையும் பேசும். கறுப்பானால் காற்றுக் குறை: வடிகட்டி அடைப்பு, இன்டர்கூலர் குழாயில் விரிசல் போன்றவை. நீலமானால் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் நீர் கசிவோ சரியாக எரியாத டீசலோ இருக்கக்கூடும். இன்டர்கூலர் என்பது அமுக்கத்தால் நூறு டிகிரியைத் தாண்டிச் சூடான காற்றைக் குளிரச்செய்து அடர்த்தியாக்கும் பாகம். அதன் குழாயைக் கழற்றினால் இலேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது வழக்கம். குளமாகத் தேங்கக் கூடாது. டர்போ தண்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கும். முன்னும் பின்னும் ஆட்டம் உணரப்பட்டாலோ சக்கரம் சுவரில் உரசினாலோ அந்த டர்போவின் காலம் முடிந்தது.

பிறகு சமவெளியில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். புளியரை மேடு அருகிலேயே இருக்கிறது. மூன்றாம் கியரில் 1,500 சுற்றிலிருந்து அழுத்தினால் 2,000க்குள் ஓர் உந்தல் முதுகில் தெரிய வேண்டும்.

காட்டும் கிலோமீட்டரை நம்புவதைவிட, தேய்ந்த பிரேக் மிதியையும் ஸ்டியரிங் வளையத்தையும் நம்பலாம். சில எஞ்சின்களில் வால்வுகளை இயக்குவது சங்கிலி. ரெனோவின் ஒன்றரை லிட்டர் டீசல் போன்ற சிலவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட்டானால் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அறுந்தால் உந்துதண்டு வால்வுகளை இடித்து எஞ்சினையே பாழாக்கிவிடும். கொல்லம், புனலூர்ப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் வண்டியானால் அவ்விடத்துத் தடையின்மைச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் கணக்கில் சேரும். சொந்தக் கார்களுக்குப் பதிவு பதினைந்து ஆண்டுக்கே. அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

டர்போவின் அடைப்பு முற்றிலும் விட்டுப்போனால் எஞ்சின் ஆயில் காற்றோடு கலந்து உருளைக்குள் போய், அதுவே எரிபொருளாகிவிடும். அப்போது சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது. மேலும் மேலும் வேகமெடுத்து வெள்ளைப் புகையைக் கக்கும். கியர் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பிரேக்கை முழுதும் அழுத்தி, உயர்ந்த கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துவது. அது முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகிவிட வேண்டும். முன்மூடியைத் திறந்து கையை விடுவது ஆபத்து.

யாருக்கு ஏற்றது?

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்ற டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது ஏறத்தாழ 600 டிகிரியில் எரித்துத் தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து ஒரே சீராக ஓட வேண்டும். வடகரையிலிருந்து அச்சன்புதூர், பண்பொழி, செங்கோட்டை என்று நின்று நின்று போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பு ஏது? வடிகட்டி அடைபடும், எரிக்க முயலும் டீசல் ஆயிலில் கலந்து அளவுகோலில் ஆயில் மட்டம் உயரும். ஆயில் குறையவில்லை, கூடுகிறது என்று மகிழ்பவர்களைக் கண்டிருக்கிறேன்! இத்தகைய வண்டியை வாரம் ஒருமுறையேனும் திருநெல்வேலி வரை ஓட்டிவர வேண்டும்.

2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2024இல் அது தமிழ்நாட்டில் பத்து ரூபாய்க்குள் சுருங்கியது. கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர மட்டுமே கார் வேண்டுவோர் பழைய பெட்ரோல் கார் வாங்குவதே மேல் என்பது என் கருத்து. நாள்தோறும் மதுரை, கொல்லம் என்று ஓடுபவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள டர்போ டீசல் இன்றும் இலாபமே.

சாரல் காலத்தில் இன்னொன்று. ஈரக் காற்றிலுள்ள நீர், பாதி காலியான டீசல் தொட்டியின் சுவரில் துளியாகப் படிந்து அடியில் சேரும். உயரழுத்தப் பம்புக்கு மசகு தருவது டீசலே ஆதலால் நீரும் மண்ணெண்ணெய்க் கலப்பும் அதற்கு எமன். தொட்டியை நிறைத்தே வைத்திருங்கள். டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். அண்ணாச்சி இப்போது ஆனி முதல் ஆவணிவரை மாதம் ஒருமுறை இதைச் செய்கிறார். கோட்டைவாசலில் பயணிகள் இறங்கித் தேநீருக்குச் சொன்ன பிறகே சாவியைத் திருகுகிறார்.