நலிந்த மல்லிகையை இடம் மாற்றுதல்

யாழ்ப்பாணத்து வளவுகளில் மல்லிகையைக் கிணற்றடியில் நடுவது நெடுநாளைய வழக்கம். குளிக்கும் நீரும் துவைக்கும் நீரும் வழிந்தோடும் இடத்தில் வைத்தால், தனியே நீரூற்ற வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். துலாக் கிணறுகள் அருகி, நீரிறைக்கும் யந்திரங்கள் வந்த பின்னரும் இவ்வழக்கம் மாறவில்லை. வழிந்தோடும் நீரின் அளவு பெருகிவிட்டதைப் பலர் எண்ணிப் பார்ப்பதுமில்லை. நாள்தோறும் சவர்க்கார நீர் தேங்கும் மண்ணிலே காற்றுக்கு இடமில்லை. வேரும் மூச்சுவிடும் உறுப்பே. காற்றற்ற சேற்றில் நுண்வேர்கள் அழுகுகின்றன. அழுகிய வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. ஆகவே காலடியில் நீர் நிற்கச் செடி தாகத்தால் வாடுகின்றது. அவ்வாட்டத்தைக் கண்ட வீட்டார் நீர் போதாதென எண்ணி மேலும் ஊற்றுவர்!

மாமர நிழலில் நிற்கும் மல்லிகையின் துன்பம் வேறு. அங்கே இலை செழிக்கும். கொடி வெயிலைத் தேடி நீளும். பூ மட்டும் வாராது. இவ்விரு செடிகளுக்கும் இடமாற்றமே மருந்து. ஆனால், இளந்தளிர்கள் மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாயிருப்பின், அது பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலே இரும்புச் சத்தைப் பெறமாட்டாத குறையாகும். எங்கள் நிலத்தின் அடியிலுள்ளது சுண்ணாம்புக் கல். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்துள்ளது. அத்தகைய செடியை அதே வளவில் பத்தடி தள்ளி நடுவதாற் பயனில்லை. மக்கிய குப்பையெருவை நிறைய இடுவதே நன்று.

பத்துப் பதினைந்து ஆண்டு நின்ற செடியைப் பெயர்ப்பது துணிகரமான செயல். தாயாரோ பாட்டியாரோ நட்ட செடி பட்டுப்போனால் வேறொன்று வாங்கி ஆறுதலடைய முடியாது. ஆதலின் ஐப்பசியில் மழை தொடங்கியதும் நலமான இரண்டொரு கிளைகளை வளைத்து மண்ணிற் பதியம் வைத்துவிடுக. தை பிறக்குமுன் அவை பெரும்பாலும் வேர்விட்டிருக்கும். அடித்தண்டின் பட்டை கறுத்து மெதுமெதுப்பாயிருந்தால், முதற்செடியைப் பெயர்க்கும் எண்ணத்தையே விட்டு, அப்பதியங்களை நம்புவதே அறிவுடைமை.

பெயர்த்த செடிகள் இறப்பதற்குப் பெருங்காரணம் ஒன்றே. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் தண்டை விட்டு விலகி, வேர்களின் நுனிப்புறத்திலேயே மிகுதியாக இருக்கின்றன. தோண்டும்போது அவை மண்ணோடு பின்தங்கிவிடுகின்றன. இதற்குப் பரிகாரம் முன்கூட்டியே வேரறுத்தல். கார்த்திகையிலே தண்டிலிருந்து ஒன்றேகால் அடி தூரத்தில், அரைவட்டமாக மண்வெட்டியை ஆழ இறக்கி வேர்களை அறுத்து, மண்ணை மூடிவிடுக. மூன்று கிழமை கழித்து மற்றைய அரைவட்டத்தை அறுக்கலாம். அறுபட்ட இடத்தின் உட்புறத்தே புதிய நுண்வேர்கள் கிளைத்து, நாம் தூக்கவிருக்கும் மண்கட்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.

தை மாதம் மழை ஓய்ந்து, மண் ஈரமாயும் காற்றுக் குளிர்ந்தும் இருக்கும். மல்லிகையைக் கவ்வாத்துச் செய்யும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே கிளைகளைப் பாதியளவுக்கு வெட்டிவிடுவதில் இழப்பில்லை. குறைந்த வேரினால் நிறைந்த இலைக்கு நீர் கொடுக்க இயலாது. மாலை வேளையில், அறுத்த வட்டத்தின் வெளியே தோண்டி, அலவாங்கினால் அடிமண்ணை நெம்பி, ஈரச்சாக்கை உட்செலுத்தி, இருவர் சாக்கைப் பிடித்துத் தூக்குக. தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண் உதிர்ந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

புதிய இடத்தில் அரைநாளாவது வெயில் விழவேண்டும், மழைநீர் தேங்கலாகாது. ஓரடியிற் கல் தட்டுமாயின் மண்ணை உயர்த்தி மேடாக்கிக் கொள்க. முன்பு மண்ணில் நின்ற அதே ஆழத்துக்கே நட்டு, மண்ணை மிதமாக அழுத்தி நீர் வார்த்து, மேற்குப் புறத்தில் ஒரு கிடுகைச் சாத்திவிடுக. புதுச்சாணத்தைக் குழியில் இடலாகாது. அறுபட்ட வேரை அது கருக்கிவிடும். தளிர் காணும்வரை எருவே வேண்டாம்.

சில நாளில் இலை உதிரலாம். அஞ்ச வேண்டாம், நகத்தால் தண்டைச் சிறிது கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை தெரியும். முதலாண்டில் பூ குறைவாகவே கிடைக்கும். முதற்செடி துளிர்விட்டு நிலைத்த பின்னரே பதியங்களைத் தாய்ச்செடியின் பழைய இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, அயல் வீட்டாருக்குக் கொடுக்கலாம். கிணற்றடியில் வெறுமையான அவ்விடத்துக்கு வாழையொன்று போதும்.