பெருக்கும் உபரியும்

காவிரிக்கரையில், பவானிக்கு எதிரே அமைந்தது குமாரபாளையம். தறித்தொழில் சிறந்த ஊர். இவ்வூர் ஆடியில் காணும் வெள்ளம் உள்ளூர் மழையால் வருவதன்று. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை மிகுந்து, 1934இல் முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை தன் 120 அடியை எட்டியபின் வருவது.

இதனைக் குறிக்கும் சொற்களுள் இரண்டினை ஈண்டு நோக்குவோம். 'பெருகு' என்னும் வினையடியாகப் பிறந்த 'பெருக்கு', ஆற்றின் செயலை உணர்த்துவது. அலுவலக வழக்காகிய 'உபரிநீர்', 'மேல்' எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்து, அணையின் கொள்ளளவையே அளவுகோலாகக் கொண்டது. அணைக்கு மிகையாவது கரையோர வீட்டிற்கு வெள்ளமாகும் என்பதை அச்சொல் உணர்த்துவதில்லை.

2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நொடிக்கு ஓரிலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டபோது, கரையோரத்தார் முகாம்களில் தங்க நேர்ந்தது. முகாம் உணவளிக்கும், நின்றுபோன தறிக்குக் கூலி அளிக்காது. எச்சரிக்கையோ கன அடிக் கணக்கில் அமைகிறது. எத்தெருவில் எப்படிவரை நீர் ஏறும் என்பதே மக்கள் அறிய வேண்டுவது. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் அளக்கப்படுதலின் இவ்விடர் எதிர்பாராததன்று. எனவே, மக்களின் மனக்குறை மழையின் மேலதன்று, ஏற்பாட்டின் மேலது எனக் கொள்ளுதலே பொருந்தும் என்பது நம் கருத்து.