இரும்புக்குள்ள ரத்தினம்... விண்கல் மோதிரம் வாங்கப் போறீங்களா?

ஆன்லைன்ல விண்கல் மோதிரம், டாலர் பார்த்திருப்பீங்க. அதுல பச்சையும் மஞ்சளுமா வெளிச்சம் ஊடுருவுற வகைதான் பாலசைட்.

பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை வெறும் கல்; சில, இரும்பு. ரெண்டும் கலந்தவை 100-ல் ஒன்றுதான். அதிலும் இரண்டு வகை.

பாலசைட்: இரும்பு, நிக்கல் உலோகத்துக்குள் ஆலிவின் படிகங்கள் பதிந்திருக்கும். தெளிவான ஆலிவின்தான் நகைக்கடையில் விற்கும் 'பெரிடாட்'.

மீசோசைடரைட்: பைராக்ஸீன், பிளேஜியோகிளேஸ் கனிமங்கள் கொண்ட பாறைத் துண்டுகளும் உலோகமும் ஏறக்குறைய சரிபாதி. விண்வெளியில் நடந்த பெரும் மோதலின் மிச்சம்.

சைபீரியாவில் கிடைத்த சுமார் 700 கிலோ கல்லை 1772-ல் ஆராய்ந்தார் பீட்டர் பாலஸ். அவர் பெயர்தான் பாலசைட்டுக்கு. அதை ஆதாரமா வெச்சு, 'இது விண்வெளியில் இருந்து வந்தது' என 1794-ல் எழுதினார் கிளாட்னி. அப்போ பலரும் நம்பலை!

காந்தம் ஒட்டுதுன்னு மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. இரும்பு உலைக் கசடும் ஒட்டும். நிக்கல் அளவு சொல்லும் ஆய்வக அறிக்கை கேளுங்க. குளிக்கிறப்போ கழட்டி வெச்சுடுங்க. சுமார் 450 கோடி வருஷம் தாங்கின கல்லு, உங்க கையில துருப்பிடிச்சுடக் கூடாதில்லையா?